பின்மண்டையில் குடிவந்தவர்

புந்தா அரேனாஸில் அன்று காற்று
கம்பத்தைப் பிடிக்காதவரையெல்லாம் சாய்த்தது.
எலெவுத்தேரியோ பார்ரியா,
நண்டுப் படகுக்காரர், ஐம்பத்தொன்றில் கண் போனவர்,
தொப்பியைப் பறிகொடுத்து வந்து சேர்ந்தார்.

ஸ்கேன் அறையில் பொத்தான் அழுத்துவது மட்டுமே என் வேலை.
கயிறு இழுத்துக் காய்த்த விரலுக்கடியில்
பிரெய்ல் அட்டையை நகர்த்தினேன்.

எட்டு மாதப் பயிற்சி.
முதலில் எல்லாம் ரவையைத் தடவுகிற மாதிரி
ஒரே சொரசொரப்பு என்றார்.
பிறகொரு காலை, சமையலறையில்,
ஒரு டப்பா மட்டும்
'உப்பு' என்றதாம்.

திரையில்,
பார்வைக்கென்று இருந்த இடம்
விரல் நகர நகர ஒளிர்ந்தது.
பூட்டிக் கிடக்கவில்லை அந்த வீடு.
விரல் குடியேறி
அடுப்பே பற்றவைத்திருந்தது.

சொன்னேன். சிரித்தார்.
பிறகு, சட்டைப் பொத்தானைத் திருகியபடி,
"அங்கேதானே என் மகள் முகம் இருந்தது?
அதை எங்கே எடுத்து வைத்தார்கள்?"

மருத்துவரைப் பார்த்தேன்.
அவர் குறிப்பேட்டைப் பார்த்தார்.

வாசலில் ரொசாவ்ரா காத்திருந்தாள்.
கலைந்த முடியை ஒதுக்கி
அவள் புருவத்தை
அவசரமில்லாமல்,
இடமிருந்து வலமாக,
படித்தார்.

பிடிக்கவில்லையோ என்னவோ,
மறுபடி முதலிலிருந்து.

தொப்பி கிடைக்கவே இல்லை.