குச்சவெளிக்கு ஒன்றரை நாள்

முப்பத்துநாலு கிலோமீற்றர்தான்.
அதற்கொரு பட்டியல்
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்,
மூன்று நிறப் பேனையில்.

"கடலுக்குள்ள இருந்துகொண்டு
கடல் பார்க்கப் போறியளோ?" என்கிறா
மேல்வீட்டு புளோரன்ஸ் அக்கா,
காயப்போட்ட சேலைக்கு அந்தப் பக்கம் நின்று.
உண்மைதான்.
டைக் வீதியில் எங்கள் சமையலறை யன்னலைத் திறந்தால்
முதலில் உள்ளே வருவது கடல்.
அதன் முதுகில் தொற்றிக்கொண்டு
ஓட்டோக்கள், லொத்தர்க்காரனின் ஒலிபெருக்கி,
பாண் வண்டியின் அதே ஒரு மெட்டு.

நான் ஆஸ்பத்திரியில் இலக்கம் கூப்பிடுகிறவள்.
ஒன்றிலிருந்து இருநூற்றுப்பத்து வரை,
இரண்டு மொழியில்,
வராதவருக்கு இன்னொரு தரம்.
குணசீலன் மா ஆலையில்.
வீடு வரும்போது புருவமெல்லாம் வெள்ளை.
அவர் வர நான் போக,
படலையடியில் திறப்பைக் கைமாற்றும்போது
பேசிய பேச்சுத்தான்
பதினொரு வருடம்.

லீவு மூன்று நாளுக்கு எழுதினேன்.
மேற்பார்வையாளர் இரண்டாக்கினார்.
அவருடைய ஷிப்ட் மாறியதில் ஒன்றரை.
புல்மோட்டை பஸ் எத்தனை மணிக்கென்று
நாலு பேரிடம் கேட்டேன்;
நாலு நேரம் சொன்னார்கள்,
நாலையும் எழுதிக்கொண்டேன்.

அவர் நீலத்தில் எழுதியிருந்தார்:
புறாத்தீவு. கன்னியா வெந்நீர்க்கிணறு.
"கன்னியா மற்றப் பக்கமப்பா."
பச்சையால் வெட்டினேன்.
"படகுக்கு எவ்வளவு கேட்பாங்கள்?"
"கேட்டுப் பார்க்கலாம்."
"கேட்கிறதுக்கே காசு வேணும்."
அதையும் வெட்டினேன்.

நான் சிவப்பில் எழுதியது:
பாய் ஒன்று. துவாய் இரண்டு.
அவருடைய பிரஷர் குளிசை.
ஒருவரையும் கூப்பிடாத வாய் ஒன்று.
அதை மட்டும் அழித்து
நுளம்புத்திரி என்று மாற்றினேன்.
பிறகு, பின்னேரம் மூன்று மணி
என்று எழுதி, எதிரே வெறுமையாய் விட்டேன்.
"மூண்டு மணிக்கு என்ன?"
"மூண்டு மணிக்கு மூண்டு மணி."

அறை விடுகிற மர்சூக் காக்காவுக்கு
போனிலும் பெரிய குரல்.
பின்னால் ஆடு கத்துகிறது.
"ஒரு ராவா? ரெண்டு பேரா? புள்ளைகள்?"
"இல்லை."
கொஞ்சநேரம் ஆடு மட்டும் கத்தியது.
"அப்ப கடல் பக்கத்து அறைய எடுங்க,
வெலை ஒண்டுதான்.
இப்ப கச்சான் அடிக்குது.
பகல்ல அனல், கண்ணுக்குள்ள மண்.
ஆனா கடல்,
தட்டுல ஊத்தின தண்ணி மாதிரிக் கிடக்கும்.
இங்க பார்க்க ஒண்டும் இல்ல,
முன்னுக்கே சொல்லிட்டன்."

மறக்காமலிருக்கப் பட்டியலின் அடியில் எழுதினேன்:
கச்சான்.
வெயில் கண்ணாடி, தலைக்குத் துணி என்று
விரித்தெழுதுமுன்
சோறு பொங்கி அடுப்பை அணைத்தது.

அன்று அவர் இரவு ஒன்பதுக்கே வந்துவிட்டார்.
மா படிந்த சட்டைப் பையிலிருந்து
மேசையில் வைத்தார் இரண்டு சரை.
வறுத்த கச்சான், இன்னும் சூடு.
"இது உப்புப் போட்டது. இது போடாதது.
எதெண்டு நீ எழுதேல்லை."

காற்று என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் ஒன்றை உடைத்து
உள்ளங்கையில் தேய்த்து
தோலை ஊதிவிட்டு நீட்டினார்.

வாசற்படியில் இருந்து தின்றோம்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
கோதுகளை முகர்ந்து பார்த்துவிட்டு
மதிக்காமல் போனது.
படகுக் காசைப் பற்றி அவர் மறுபடி தொடங்கினார்.
நான் சிரித்தேனோ, இருமினேனோ.
நாளன்றைக்குப் போக வாங்கியதில்
ஒரு சரை இன்றைக்கே முடிந்தது.
மற்றதை மடித்து
குளிசைக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்தார்.
பட்டியலை எடுத்து
கச்சானுக்கு நேரே சரி போட்டார்.

கண்ணாடி இன்னும் வாங்கவில்லை.
நான் சொல்லவுமில்லை.
இறக்கக்கண்டிப் பாலத்தில் பஸ் ஏறும்போது
யன்னலோரம் அவர்தான் இருப்பார்.