ஜூன் மாதத்து இரவு

உபெர்னாவிக் பள்ளி விளையாட்டுக் கூடத்தில்
விசிறி ஊத ஊத எழுகிறது
ஒரு கறுப்புக் கூடாரம்.
கிரீன்லாந்தில் ஐந்து வாரமாய் இருட்டவில்லை;
இரவு பத்து மணிக்கும்
வெயில் கண்ணைக் கூசுகிறது.

பூட்ஸைக் கழற்றிப்போட்டுப்
பதினேழு பிள்ளைகள்
தவழ்ந்து நுழைகிறார்கள்
இரவுக்குள்.

கோபன்ஹேகனிலிருந்து வந்த சிக்னே
ஒளிக்கற்றையால் தொட்டுக் காட்டினாள்:
"இதுதான் துருவ நட்சத்திரம்."

"அங்கே இருக்காது" என்றான் உயாரக்.
"அதைப் பார்த்தால் கழுத்து வலிக்கணும்."

கருவியைக் குனிந்து பார்த்தாள்.
பெட்டியிலேயே கூட வந்திருந்தது
அவள் ஊர் வானம்.

குமிழைத் திருகினாள்.
மொத்த வானமும் சாய,
அந்த ஒற்றைப் புள்ளி
மேலே, இன்னும் மேலே,
ஏறக்குறைய உச்சிக்கு.

"ம்."

வெளியே அதே வெயில்.
பூட்ஸ் கயிற்றைக் கட்டாமலே
அவன் விரல் நீட்டிய வெறும் நீலத்தை
அவள் அண்ணாந்து பார்த்தாள்,
கழுத்து வலிக்கும்வரை.