இருபதரை வாரம்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
ஏசுவடியாள் அக்கா எடுத்த பூசணிக்காய்
நாலாயிரத்து நூறு ரூபாய்.

வாஷி மார்க்கெட்டில் அதற்கு எழுபதுதான்.
வயலே இல்லாத சபை எங்களுடையது.
ஆன்டாப் ஹில்லில் ஒரு பள்ளிக்கூட ஹால்,
ஞாயிறு எட்டிலிருந்து பத்தரை வரை வாடகை.
பத்தரைக்கு மேல் கராத்தே வகுப்பு.

"மலாவி வேதாகமப் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு!
ஒரு தரம்!"
ஞானசிகாமணி தொண்டை கிழியக் கூவினார்.
மலாவி எந்தப் பக்கம் என்று
அவருக்கும் தெரியாது, சத்தியமாய் எனக்கும்.
கடலுக்கு அந்தப் பக்கம் என்று
யாரோ ஜன்னலைக் காட்டினார்கள்.
ஜன்னலுக்கு வெளியே லாரி நிறுத்தம்.

நான் பொருளாளர். நோட்டு என்னிடம்.
மூவாயிரத்தைத் தாண்டும்போதே
போதும்கா என்று கண்ணைக் காட்டினேன்.
அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.
தாராவியில் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி
தூக்கில் இட்லி சுமந்து விற்கிறவள்.
வாரம் இருநூறு தருகிறேன் என்றாள்.
இருபதரை வாரம்.

மறுநாளே பூசணி சாம்பாருக்குப் போனது.
நாலாயிரத்து நூறு ரூபாய்ச் சாம்பாரை
சயான் ஆஸ்பத்திரி வாசலில்
நின்றுகொண்டே குடித்தார்கள்.

ஞாயிறுதோறும் பத்து ரூபாய் நாணயம் இருபது,
கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும்.
எண்ணுவேன், எழுதுவேன், கிழித்துத் தருவேன்.
ரசீதை மடித்து எசேக்கியேலுக்குள் வைப்பாள்.
அந்தப் பக்கம் யார் போகப்போகிறார்கள்
என்று சிரிப்பாள்.

போன வருஷம் நாங்கள் பணம் அனுப்பவில்லை.
டை அனுப்பினோம்.
உல்லாஸ்நகர் முதலாளி ஒருவர் கழித்துக் கொடுத்தது,
நூற்று அறுபது டை.
ஊழியத்துக்குப் படிக்கிற பிள்ளைகள்,
கழுத்தில் ஒன்று இருக்கட்டும் என்று
கமிட்டி தீர்மானம் போட்டது. நானும் கை தூக்கினேன்.
பெட்டியை எடுக்க அவர்கள் கட்டிய சுங்கம்
இரண்டு மூட்டை மக்காச்சோளத்தின் விலை.
அவர்களாகச் சொல்லவில்லை.
கணக்குக்காக நான்தான் கேட்டேன்.

ஒன்பதாம் வாரம் படம் வந்தது.
அனுப்பியவர் சிக்கொண்டி ம்வாலே,
தலைமையாசிரியர், சமையலும் அவரே.
நாலு மண் சுவர். மேலே கம்புகள்.
கம்புகளுக்கு நடுவே வானம்.
கீழே பதினாறு பேர்; நாலு பேர் பெண்கள்,
ஒருத்தி இடுப்பில் குழந்தை.
மழை பிடித்தால் ரோமர் நிருபத்தை மூடிவிட்டு
மாமரத்துக்கு ஓடுகிறோம் என்று எழுதியிருந்தார்.
கம்போடு கம்பைச் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு
வரிவரியாய், புள்ளிபுள்ளியாய், பளபளவென்று.
பெரிதாக்கிப் பார்த்தேன்.

எங்கள் டை.

கமிட்டியில் இரண்டு பேருக்கு முகம் சுருங்கியது.
கொடுத்ததை இப்படியா, என்றார் ஒருவர்.
ஞானசிகாமணி இருமினார்.
நான் எதுவும் பேசவில்லை.
பேசியிருக்கலாம்.

அக்காவிடம் காட்டினேன்.
ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு
படத்தை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.
"முடிச்சு நல்லா விழுந்திருக்கு" என்றாள்.
பிறகு குழந்தைக்காரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அவள் பாக்கியைக் கையிருப்பில் முன்போட்டு
மொத்தத்தையும் அனுப்பினோம்.
வங்கி இரண்டு தடவை திருப்பியது.
பெயரில் 'ம்' எங்கே வருகிறது என்று சண்டை.
கேட்டது நாற்பது தகரம்.
கமிஷன் போக இருபத்தொன்றுக்குத்தான் தேறியது.

இருபத்தோராம் ஞாயிறு கடிதத்தைப் படித்துக் காட்டினேன்:
"வகுப்பில் பாதிக்குத் தகரம் போட்டுவிட்டோம்.
மழை வந்தால் எல்லோரும் அந்தப் பாதிக்கு நகர்கிறோம்.
சத்தத்தில் வாத்தியார் குரல் கேட்பதில்லை.
அதனால் எல்லோரும் சேர்ந்து உரக்க வாசிக்கிறோம்.
ரோமர் பதினொன்றுக்கு வந்துவிட்டோம்.
ஜிகோமோ."

அன்றைக்கு அவள் தரவேண்டியது நூறு.
இருபது நாணயத்தை வைத்தாள்.
அக்கா, நூறு கூடுதலாயிருக்கு.
"இருக்கட்டும்."
எந்தத் தலைப்பில் எழுத?
காலித் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.
வாசலில் கராத்தேப் பிள்ளைகள்
வெள்ளை உடையில் காத்திருந்தார்கள்.

"கயித்துக்குன்னு எழுது."