ஐந்தாம் அட்டி

புரட்டாசி எட்டாம் தேதி
ஐந்தாம் அட்டியின் உச்சி மூட்டையில்
தார்ப்பாய் மடிப்புக்குள் உட்கார்ந்திருந்தது.
கையை நீட்டினேன். ஓடவில்லை.
உடம்பைப் பரத்தி, உப்பி,
அடித்தொண்டையில் கேறியது.

கொள்முதல் நிலையத்துக்கு இரவுக் காவல் நான்.
எலி, மாடு, மழை, மூட்டை மாற்றுகிறவன்
நான்கையும் விரட்டத்தான் சம்பளம்.
கோழியைப் பற்றி உத்தரவில் ஒன்றுமில்லை.

தையல்நாயகி வந்து பார்த்தாள்.
அவளுடையதுதான். கழுத்தில் மயிரில்லாத பெட்டை.
சித்திரையில் ஒருமுறை அடையைக் கலைத்தாளாம்:
கோரையாற்றில் மூன்று முழுக்கு,
மூக்குக்குக் குறுக்கே அதன் இறகையே செருகி
இரண்டு நாள் முளைக்குச்சியில் கட்டு.
"முட்டை பதினைஞ்சு ரூபா போவுது.
இது கெடந்து எந்திரிக்க யாரு சோறு போடுறது?"
இந்த முறை கோழி முந்திக்கொண்டது.

"சரி, கெட."
அடியில் ஐந்து இருந்தது. மடியிலிருந்து ஆறு வைத்தாள்.
ஒற்றைப்படை. எல்லாவற்றிலும் கரிக்கோடு,
புதிதாய் இட்டால் தெரிய.
இடிக்கு ஓர் ஆணி, ஒரு கரித்துண்டு,
காய்ந்த மிளகாய் ஒன்று
சாக்கு மடிப்பில் செருகிவிட்டுப் போனாள்.

மழை. வெயில். மறுபடி மழை.
களத்தில் குறுவை நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டேயிருந்தார்கள்.
பதினேழுக்கு மேல் ஈரம் காட்டினால்
எழுத்தர் கருணைராஜ் கையை விரிப்பார்.
லாரி வரவில்லை.

ஏழாம் இரவு
செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் பிடித்தேன்.
சிவப்பாய்க் கால் விரித்த சிலந்தி,
நடுவில் ஒரு புள்ளி துடித்தது.
இரண்டில் வெறும் மஞ்சள் மேகம். கூமுட்டை.
எடுக்கும்போது என் மணிக்கட்டில் கொத்தினாள்.
(அது, இது என்பதை எப்போது விட்டேன்?)

நாளைக்கு ஒருமுறை இறங்குவாள்.
அரசாங்க நெல்லில் நாலு கொத்து,
தேங்கிய நீரில் இரண்டு வாய்,
ஊரே மூக்கைப் பிடிக்கும் ஓர் எச்சம்.
மீண்டும் மேலே.

பத்தொன்பதாம் நாள் மதியம் லாரி வந்தது.
"பகல்ல நவுத்துனா அடை கலைஞ்சிரும்" என்றாள் தையல்நாயகி.
டிரைவர் நாமக்கல்காரன்.
இரண்டு டீ, ஒரு தூக்கம், எண்ணிலடங்காத வசவு.
இருட்டியதும் சிங்காரவேலும் மூன்று பேரும்
நான்கு முனையைப் பிடித்து
மூச்சுவிடாமல் இறக்கினார்கள்.
மூட்டைக்கு இவ்வளவு என்று பேசித் தூக்குகிறவன்
அதற்குக் கூலி கேட்கவில்லை.
கருணைராஜ் பதிவேட்டில் எழுதினார்:
'ஒரு மூட்டை, ஈரம். பின்னர் அனுப்பப்படும்.'

இருபத்தொன்றாம் நாள் விடியலுக்குள் எட்டு.
ஒன்பதாவதில் ஓட்டை மட்டும்.
ஓட்டைக்குள் ஒரு மூக்கு, ஒரு கிய்.
ஒரு பீடி நேரம் பொறுத்தேன். இன்னொரு பீடி.
பிறகு நகத்தால் உரித்தேன்.
ஓடு வந்தது. சவ்வு வந்தது.
சவ்வோடு நூல்போல் ரத்தம் வந்தது.
கையிலேயே ஈரம் உலர்வதற்குள்
தலை சாய்ந்தது.

"ஒன்பதுல எட்டுதான் இருக்கு?"
பருந்து என்றேன்.
தார்ப்பாயைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள்.
குருணை வாங்கக் காசு கேட்டாள். கொடுத்தேன்.

அவர்கள் போன பின் மூட்டையை எடைபோட்டேன்.
நாற்பதுக்கு எண்ணூறு கிராம் குறைவு.
களத்தில் கூட்டி அள்ளியதைக் கொட்டிச் சரிக்கட்டினேன்.
தைக்கும்போது ஆணி உள்ளே நழுவிவிட்டது.
தேடவில்லை.
எந்த ஆலையின் எந்தச் சல்லடையிலோ
இந்நேரம் டங்கென்று விழுந்திருக்கும்.