எப்படி

ஹல் நகரம், கொரோனர் நீதிமன்றம், இரண்டாம் அறை.
இங்கே யாரும் குற்றவாளி இல்லை,
முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.
யார் இறந்தார், எப்போது, எங்கே, எப்படி:
சட்டம் அனுமதிப்பது இந்த நான்கைத்தான்.
ஏன் என்பது பட்டியலில் இல்லை.

லிண்டன் ஸ்டாதர்ஸ், வயது நாற்பத்தொன்று.
பிப்ரவரி ஒன்பது, விடிகாலை.
காவல் நிலையம், ஏழாம் எண் லாக்கப்.
மூன்று கேள்விகள் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டன.
நான்காவதற்கு ஒன்பது நாள் ஒதுக்கியிருந்தார்கள்.

காவல்துறைக்கு ஒரு வழக்கறிஞர்.
சார்ஜெண்டுக்குத் தனியாக ஒருவர்.
ஆம்புலன்ஸுக்கு ஒருவர்.
லாக்கப்புக்குத் தாதியரை அனுப்பிய கம்பெனிக்கு இருவர்,
அதில் ஒருவர் பக்கம் புரட்ட மட்டும்.
எல்லாரிடமும் சக்கரம் வைத்த பெட்டி.
பாதிக்கு மேல் பொதுப்பணம்.
ஜெனீன் கட்டிய வரியும் அதில் உண்டு.

ஜெனீன், லிண்டனின் அக்கா,
மீன் தொழிற்சாலையில் ஹாடக் அறுப்பவள்.
முன்விசாரணைக்குத் தனியாகத்தான் போயிருக்கிறாள்,
சூப்பர் மார்க்கெட் பையில் நானூறு பக்கங்களோடு.
கொரோனர் நல்ல மனிதர்.
"நான் உதவுகிறேன், தயங்காமல் கேளுங்கள்" என்றாராம்.
கிணற்றில் விழுந்தவளிடம்
மேலிருந்து நலம் விசாரித்தாற்போல.

பிறகுதான் என்னிடம் வந்தாள்.
சட்ட உதவிக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது:
குடும்பத்தினரே கேள்வி கேட்க முடியாதா?
விளக்கவும். கூடுதல் தாள் இணைக்கலாம்.
தம்பியின் பிணப் பரிசோதனை அறிக்கையை
சாப்பாட்டு இடைவேளையில் படித்துவிட்டு
ஒருத்தி எழுந்து நின்று
குரல் நடுங்காமல் கேட்க வேண்டுமா என்று எழுதினேன்.
அடித்துவிட்டு,
"வழக்கின் சிக்கல் கருதி" என்று எழுதினேன்.

எப்படி என்ற சொல்லுக்குள் ஒரு படி இருக்கிறது.
என் தொழில் அதில் கால் வைத்து இறங்குவது,
எப்படி என்று கேட்பது போலக் கேட்டு
ஏன் வரை போய்விடுவது,
யாராவது தடுக்கும்வரை.

ஐந்தாம் நாள். சார்ஜெண்ட் பிக்கரிங்.
அழைப்பு மணி எத்தனை முறை அழுத்தப்பட்டது?
பதினொன்று.
பதில் அளித்தது?
இரண்டு.
மற்ற ஒன்பது?
ஒலி குறைக்கப்பட்டிருந்தது.

செயப்பாட்டுவினை.
இந்த அறையில் அதிகம் சம்பாதிப்பது அதுதான்.
குறைக்கப்பட்டது. கவனிக்கப்படவில்லை. பதியப்படவில்லை.
எழுவாயைத் தேடுகிற எனக்குத்தான்
இன்னும் சம்பளம் வரவில்லை.

யாருடைய விரல் குறைத்தது?
நான்கு நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிரீச்சிட்டன.
கொரோனர் கையை உயர்த்தினார்.
"கேள்வியை மாற்றிக் கேளுங்கள்."
மாற்றினேன்.
ஒலி எப்படிக் குறைந்தது?
சார்ஜெண்ட் தண்ணீர் குடித்தார்.
ஜூரியில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த பெண்
அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
லிண்டன் கேட்டதும் தண்ணீர்தான்.
"நான்தான்" என்றார் பிக்கரிங்.

இடைவேளையில் ஜெனீன் என் கையைப் பிடித்து இழுத்தாள்.
"ப்ளீஸ் என்று சொன்னானா?
வீட்டில் சொல்லவே மாட்டான். அம்மா எத்தனை அடித்திருப்பாள்."
இதை எந்தக் கேள்விக்குள் அடைப்பது?
யார், எப்போது, எங்கே.
எதிலும் கொள்ளவில்லை.

லாக்கப் கேமரா ஒலிப்பதிவின் எழுத்து வடிவம்,
பக்கம் இருநூற்றுப் பதினாறு.
விரல் வைத்துக் காட்டினேன்.
ஒன்பது முறை சொல்லியிருக்கிறான்.
பத்தாவதில் "தண்ணி" மட்டும்.
பதினொன்றில் மணி மட்டும்.
கத்தித் தழும்புள்ள விரலால்
அவளே ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.
பிறகு சாண்ட்விச்சைப் பிரித்து
எனக்குப் பாதி தந்தாள்.

ஜூரியின் முடிவு அரைப் பக்கம்.
"வாய்ப்பு தவறவிடப்பட்டது."
மறுபடியும் அந்த வினை.
ஆனால் அதற்கு முன்னால்
யாரோ ஒருவர் பிடிவாதம் பிடித்து
"சார்ஜெண்டால்" என்று சேர்த்திருந்தார்.
அந்த மூன்றாவது பெண்ணாக இருக்கலாம். தெரியாது.

வாசலில் மழை. ஜெனீனுக்கு ஐந்து நாற்பது பஸ்.
விடிகாலை ஷிப்டு, கத்தி தீட்ட வேண்டும்.
"இதையெல்லாம் குப்பையில் போட்டுவிடுங்கள்" என்று
பையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அலுவலகத்தில் பிரித்து அடுக்கினேன்.
எல்லாம் இருந்தது,
இருநூற்றுப் பதினாறைத் தவிர.