ஒரே மாடல், ஏழு வண்டிகள்

உச்சிப்புளி பெட்ரோல் பங்குக்கு எதிரே
ஞாயிறு சாயங்காலம் கூடுவதாகப் பேச்சு.
முதல் வாரம் நிறுத்த இடம் போதவில்லை.
சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்
கிழிக்கலாமா கூடாதா என்பதிலேயே
இரண்டு மணி நேரம் போயிற்று.

ஐப்பசி மழையில் சீனி நைனாவின் வண்டி
பாம்பன் பாலத்து நடுவில் நின்றது.
ராத்திரியோடு ராத்திரியாக
அத்தனை பேரும் வந்துவிட்டோம்,
டார்ச்சும் ஆளுக்கொரு காரணமுமாய்:
பியூஸ், பேட்டரி, எலி.
எலிதான்.

தை, மாசி.
ஒருத்தர் வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை.
நான் மட்டும் போய் ஒரு டீ குடித்துத் திரும்பினேன்.
வந்த கோபம் மண்டபம் தாண்டுவதற்குள் அடங்கிற்று.
என் வண்டியும் அன்று
ஒரு வார்த்தை பேசவில்லை.

தடைக்காலத்தில் ரொசாரியோ தினமும் வந்தார்.
படகு கரையில்.
பானெட்டைத் திறந்து வைத்துப் பார்த்தபடி நிற்பார்,
எதையும் தொடமாட்டார்.
தடை முடிந்த இரவோடு ஆளைக் காணோம்.

நம்புவேல் சொல்லாமலே விற்றுவிட்டார்.
தொண்டி சாலையில் அந்த வண்டி எதிரே வர
பழக்கத்தில் ஹார்ன் அடித்தேன்.
யாரோ ஒருவர் நிறுத்தி,
"என்னங்க, டயரில் காற்று இல்லையா?" என்றார்.
நம்பர் கொடுத்தேன்.

நேற்று என் கதவின் அடியில் துரு,
மிளகளவு. நகம் பட்டதும் உதிர்ந்தது.
உப்புக்காற்று வேலையைத் தொடங்கிவிட்டது.
சந்தோஷம் என்று சொல்லக்கூடாது,
ஆனாலும்
படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

முதலில் கூப்பிட்டது தொண்டிக்காரர்:
"எனக்கும் அதே இடத்தில்தாங்க.
ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு?"