பதினான்கு நாள்

முட்டை எப்போதும்போல நீலமாகத்தான் இருந்தது.
சிலோயே தீவில் எங்கள் நாட்டுக்கோழிகள் அப்படித்தான் இடும்,
ஓட்டின் உட்புறமும் நீலம்.
வாணலியில் உடைத்தேன்.
வெள்ளைக்கருவுக்குள் வெந்த சேமியாபோல் ஒன்று.
அடுப்பை அணைத்தேன்.
"முட்டை எங்கே?" என்றான் ரோசமெல்.
"இன்றைக்கு ரொட்டி மட்டும்."

மழையைக் குறை சொல்லலாம்.
மார்ச்சில் பிடித்தால் நவம்பர் வரை
இங்கே மண்ணுக்குக் காய்வதே மறந்துபோகும்.
சேற்றுக்குள் புழுவின் முட்டைகள்
என்னைப்போலவே சம்பள நாளுக்குக் காத்திருக்கும்.
ஆனால் பிப்ரவரியிலேயே கூண்டை
வேறிடத்துக்கு நகர்த்தியிருக்க வேண்டியவள் நான்.
அடியில் கிடந்த மரத்தூளை
நாளைக்கு, நாளைக்கு என்று விட்டவளும் நான்.
வாயில்லாத மழையின் தலையில்
எத்தனையைத்தான் கட்டுவது?

எல்லாம் கண்ணெதிரில்தான் நடந்தது.
தின்றுகொண்டே இருந்தாள் வாலில்லாதவள்,
நெஞ்செலும்போ கத்திமுனையாய்த் துருத்தி நின்றது.
சேவலின் கொண்டை
பலமுறை துவைத்த சிவப்புத் துணியாய் வெளுத்தது.
கரும்பெட்டை பட்டப்பகலில் இறக்கை தொங்கத் தூங்கினாள்.
முட்டையிட்ட களைப்பு என்று
அவளுக்காக நானே சாக்குச் சொன்னேன்.

காஸ்ட்ரோவில் மருந்துக்கடைப் பெண் கேட்டாள்:
"எத்தனை கோழி?"
"பதினொன்று."
"எத்தனை கிலோ?"
பதில் தெரியாமல் பஸ்ஸில் திரும்பினேன்,
மடியில் மருந்துக் குப்பியோடு.

பகலில் கோழி ஓட்டம் காட்டும்.
இரவில் அது கிளையில் பழுத்த பழம், பறித்துக்கொள்ளலாம்.
நெற்றியில் சால்மன் ஆலை தந்த விளக்கு,
கையில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு, ஒரு உருளைக்கிழங்குச் சாக்கு.
ஒன்றே முக்கால். ஒன்றரை. ஒன்றரைக்குச் சற்றுக் கீழே.
வாலில்லாதவள் ஒரு கிலோ நூறு,
அதிலும் பாதி இறகாக இருக்கும்.
ரோசமெல் அலகைத் திறந்து பிடிக்க
ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரமாகச் சொட்டினேன்,
மூச்சுக்குழாயில் இறங்கிவிடாதபடி.
ஆலையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்
மீன்வயிற்றைக் கீறுபவள் நான்.
கீறாத ஒரு வயிற்றுக்காக
இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

காலையில் எச்சத்தோடு விழுந்து கிடந்தவற்றை எண்ணினேன்.
முப்பதோடு நிறுத்திவிட்டேன்.
வலை நிறைய மீன் கண்டவன்போல
ரோசமெல் சீட்டியடித்தான்.

குப்பியின் மேல் ஒட்டிய தாளில்:
பதினான்கு நாள் முட்டையைத் தின்னவோ விற்கவோ கூடாது.
கோழிகளுக்குப் படிக்கத் தெரியாது. இட்டுக்கொண்டே இருந்தன.
கொல்லைக் குழியில் ஒவ்வொன்றாய் உடைத்தேன்.
சேற்றின்மேல் நீலச் சில்லுகள்,
அவற்றுக்கு மேல் மண்வெட்டி, மண்.

நான்காம் நாள் வாசலில் ஒத்திலியா நாவெல்பான்.
அவள் பன்றி என் கிழங்குப் பாத்தியை உழுததிலிருந்து
இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.
"மகளுக்குப் பிறந்தநாள். கேக்குக்கு ஒரு டஜன். காசு தருகிறேன்."
"முட்டை இல்லை."
என் முதுகுக்குப் பின்னால் மேசையில்
குழிக்குப் போகக் காத்திருந்த கூடை.
அவள் அதைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு
மழையில் இறங்கிப் போனாள்.

புழு என்று சொல்லியிருக்கலாம்.
கஞ்சத்தனம் என்று அவள் நினைத்தால் நினைக்கட்டும் என இருந்தேன்.
என் கோழிக்குப் புழு என்பது
என் வீட்டில் பேன் என்பதுபோல அல்லவா?

இரவு ஷிஃப்டுக்குப் போகிற வழியில்
அவள் வேலியருகே கால் நின்றுவிட்டது.
"ஒத்திலியா! அந்த முட்டை... புழு! மருந்து கொடுத்திருக்கிறேன்!"
தெருநாய்கள் முழுதும் குரைத்து ஓய்ந்தன.
ஜன்னல் திறந்தது.
"என்னுடையதற்கும்தான்,"
என்றாள் மெதுவாக,
"போன மாதத்திலிருந்து."

சனிக்கிழமை தராசோடு அவள் கூண்டுக்குள் குனிந்து நுழைந்தேன்.
பன்றியைப் பற்றி இருவரும் பேசவில்லை.
அவளுடைய சேவல் இரண்டு கிலோ எண்ணூறு,
என்னுடையதைவிட அரைக் கிலோ கூடுதல்.
சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி
எண்ணை இன்னொரு தடவை
உரக்கப் படிக்க வைத்தாள்.